தவக்காலத்துக்கு முன் ஆன்ம சோதனை: எங்கள் மதுரைப் பக்கத்தில் கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு பங்கில் இருபது ஆண்டுகளாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். பொங்கல் முடிந்த கையோடு, பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வகுப்பு வாசலில் தயங்கி நிற்பார்கள். "டீச்சர், ஒரு விஷயம் கேட்கலாமா?" என்று தொடங்குவார்கள். அன்பியக் கூட்டங்களிலும் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுக்கள்) இதே கேள்விகள் வரும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்துக்கு முன், தன் வாழ்க்கையைத் தானே திரும்பிப் பார்த்துக் குறைகளை அறியும் ஆன்ம சோதனையைப் பற்றிய கேள்விகள் அவை. எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நான் துறவியோ இறையியல் படித்தவளோ அல்ல, குடும்பம் நடத்துகிறவள். அந்த இடத்தில் நின்றுதான் பேசுகிறேன்.

திருநீற்றுப் புதன் அன்றுதானே தவக்காலம் தொடங்குகிறது? அதற்கு முன்பே எதற்கு ஆன்ம சோதனை?

புதன்கிழமை சாம்பல் வாங்க வரிசையில் நிற்கும்போது, எதற்காக நிற்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். பாட்டிமார் காலத்தில் திருச்சபையே இதற்கு நாள் ஒதுக்கியிருந்தது. எழுபது, அறுபது, ஐம்பது என்று பொருள்படும் லத்தீன் பெயர்கள் கொண்ட மூன்று ஞாயிறுகள் தவக்காலத்துக்கு முன்னே வரும். அப்போதே குரு ஊதா உடை அணிவார், அல்லேலூயா நின்றுவிடும். 1969இல் திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது அந்த ஞாயிறுகள் எடுக்கப்பட்டுவிட்டன. கேரளத்துச் சுரியானி மரபுக் கிறிஸ்தவர்களிடம் அந்தப் பழக்கம் வேறு உருவில் இன்றும் இருக்கிறது. யோனாவின் சொல்லைக் கேட்டு நினிவே நகரத்தார் மனம் மாறியதை நினைத்து, பெரிய நோன்புக்கு 18 நாள் முன்னதாகவே மூன்று நாள் நோன்பு இருக்கிறார்கள்.

நமக்கு மிஞ்சியிருப்பது குருத்தோலை. போன ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று வாங்கி, சிலுவையாக முடைந்து, திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்போம். அதைக் கோவிலில் சேர்க்கச் சொல்லி அறிவிப்பு வரும். அந்த ஓலையை எரித்த சாம்பல்தான் நெற்றிக்கு வருகிறது. எடுத்துப் பாருங்கள்: வாங்கிய அன்று வெளிர் மஞ்சளாக, விரலில் சுற்றினால் வளைந்துகொடுத்த ஓலை, இப்போது வைக்கோல் நிறத்தில், தொட்டால் நொறுங்குகிறது. ஓரத்தில் ஒட்டடை. அன்று அதைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடியவர்கள் நாம்தான். இடையில் போன ஓர் ஆண்டில் நமக்கு என்ன ஆனது என்று கேட்க, அதைக் கையில் எடுக்கும் நாளே போதும்.

(2026இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18, 2027இல் பிப்ரவரி 10. பெரியவர்கள் வாயில் இது இன்னும் 'விபூதிப் புதன்'. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் 'சாம்பல் புதன்' என்றும் 'லெந்து நாட்கள்' என்றும் சொல்வார்கள். நாள் ஒன்றுதான்.)

மனமாற்றம் என்றால் மதம் மாறுவதா? நாங்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள்தானே?

ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்குத்தான் தவக்காலத்தில் இந்தச் சொல் முதலில் சொல்லப்படுகிறது. கத்தோலிக்கர் 'மனமாற்றம்' என்கிறோம். சி.எஸ்.ஐ. சபையார் 'மனந்திரும்புதல்' என்கிறார்கள். இரண்டாவது சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். எபிரேய மொழியில் இறைவாக்கினர்கள் வழங்கிய 'ஷூப்' என்ற சொல்லுக்குத் 'திரும்பு' என்பதுதான் பொருள். தவறான ரோட்டில் வெகுதூரம் போய்விட்டவன், அங்கேயே நின்று அழுதால் ஊர் வந்து சேர மாட்டான். வண்டியைத் திருப்ப வேண்டும். இயேசு சொன்ன ஊதாரி மகன் கதையிலும் அதுதான் நடக்கிறது. பன்றிகள் நடுவே பசித்திருந்தவனுக்கு அறிவு தெளிந்தது என்கிறார் லூக்கா. தெளிந்த உடனே எழுந்தான், நடந்தான்.

நான் கொலை செய்யவில்லை, திருடவில்லை, ஞாயிறு பூசையைத் தவறவிடுவதில்லை. என்னிடம் என்ன பாவம் இருக்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் பக்கத்தில் மொய் நோட்டு இல்லாத வீடு இல்லை. காதுகுத்து, கல்யாணம், புதுவீடு எதுவானாலும் மண்டப வாசலில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்துவிடுவார். பெயர், ஊர், தொகை எல்லாம் எழுதப்படும். பிறகு அவர்கள் வீட்டில் விசேஷம் என்றால் நோட்டைப் புரட்டி, அவர்கள் செய்ததற்குக் குறையாமல், கொஞ்சம் கூட்டியே செய்வோம். ஐந்நூறு ரூபாய் மொய்யை மறந்தவரை ஊர் மறக்காது. இவ்வளவு சுத்தமாகக் கணக்கு வைக்கத் தெரிந்த நாம், கடவுளிடமும் மனிதரிடமும் வாங்கியதை எங்கேயும் எழுதி வைப்பதில்லை. ஆனால் யார் நமக்கு என்ன தீங்கு செய்தார்கள் என்ற கணக்கு மட்டும் மனப்பாடமாக இருக்கிறது.

அன்பைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில், அன்பு தீமையைக் கணக்கு வைக்காது என்று ஒரு வரி வருகிறது. கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது கணக்கெழுதுவதைக் குறிக்கும் சொல். அதே திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில், நீ பெற்றுக்கொள்ளாதது உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துக் கட்டளைகளைத் தலைகீழாக ஒப்புவித்து 'இல்லை, இல்லை' என்று டிக் அடிப்பதைவிட, "வாங்கியது என்ன? திருப்பியது என்ன?" என்ற கேள்வி ஆழமாகத் தோண்டும்.

சரி, ஆன்ம சோதனையை எப்படிச் செய்வது?

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. மதுரை மறைப்பணித்தளம் இயேசு சபையார் கட்டியது என்பதால், அது இந்த மண்ணுக்குப் பழக்கமான முறைதான். ஐந்து படிகள்: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, வருந்தி மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுப்பது. பாவத்தைத் தேடுவது மூன்றாவது படியில்தான் வருகிறது. முதலில் நன்றி, அதாவது வந்த மொய்யை எழுதுவது. பலரும் இதை மரியாதைக்குச் சொல்லும் வணக்கம்போல் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கேதான் எல்லாம் இருக்கிறது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அவர் சொன்ன இன்னொரு பயிற்சி, ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்வது. காலையில் எழுந்ததும் அதை நினைத்துக்கொள்ள வேண்டும். பகலில் அந்தத் தவறு நேரும்போதெல்லாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் நெஞ்சில் கையை வைக்க வேண்டும். மதியமும் இரவும் எத்தனை முறை என்று பார்த்து, அன்றைக்குரிய கோட்டில் அத்தனை புள்ளி வைக்க வேண்டும். நாளுக்கு இரண்டு கோடு; ஒரு வாரத்துக்கு ஒரு தாள். ஒரு முறை நான் எடுத்துக்கொண்டது, மகளிடம் எரிந்து விழுவதை. முதல் நாள் பதினொரு புள்ளி. நான்கோ ஐந்தோ இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் வேண்டும்?

கால் மணி நேரம். டி.வி.யை அணைத்துவிட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

சோதனை செய்ய உட்கார்ந்தால் மாமியாரின் தவறுகள்தான் கண்முன் வருகின்றன. என்ன செய்வது?

தாவீது அரசருக்கும் அப்படித்தான் நடந்தது. இன்னொருவரின் மனைவியை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஏழை வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கி விருந்து வைத்தான் என்று இறைவாக்கினர் நாத்தான் கதை சொன்னதும், அவனைக் கொல்ல வேண்டும் என்று கொதித்தார் தாவீது. "அந்த மனிதன் நீரே" என்றார் நாத்தான். அடுத்தவர் தவறைப் பார்த்து நமக்கு எந்த இடத்தில் அதிகமாகக் கோபம் வருகிறதோ, அந்த இடத்தில் நிறுத்தி, நம்மிடம் அது எந்த உருவில் இருக்கிறது என்று கேளுங்கள். மாமியார் உங்களை வேலைக்காரியைப் போல நடத்துகிறார் என்றால் அது உண்மையிலேயே தவறு. அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்காவை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பது உங்கள் பக்கத்துக் கேள்வி.

உடன்பிறந்தவரோடு பேச்சுவார்த்தை இல்லை. தவறு அவர்கள் பக்கம். நான் போய் நிற்க வேண்டுமா?

காணிக்கையைப் பீடத்தில் வைக்கும்போது, உன் சகோதரருக்கு *உன்மேல்* மனத்தாங்கல் இருப்பதாக நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டவர் (மத்தேயு 5:23-24). யார்மேல் தவறு என்று அங்கே கேட்கவே இல்லை. இது எனக்கும் கசப்பான வசனமாகத்தான் இருந்தது.

அம்மா இறந்தபின் அவருடைய சங்கிலியை அண்ணன் வைத்துக்கொண்டார் என்று ஆறு ஆண்டுகள் நான் அவரோடு பேசவில்லை. உறவில் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறேன். ஒரு தவக்காலத்துக்கு முந்தைய வாரம், முதல் படியை ஒழுங்காகச் செய்வோம் என்று ஒரு நோட்டை எடுத்து, வாழ்க்கையில் யார் யாரிடம் என்னென்ன வாங்கினேன் என்று எழுத ஆரம்பித்தேன். அண்ணன் பெயர் வந்தது. அதைத் தாண்டிப் போகப் பார்த்தேன். கை நின்றுவிட்டது. என் மகள் பிறந்தபோது சிக்கலாகி ஆஸ்பத்திரிச் செலவு ஏறியதும், அம்மா அந்தச் சங்கிலியைத்தான் அடகு வைத்தார். மூழ்கிப்போக இருந்ததை வட்டியோடு பணம் கட்டி மீட்டது அண்ணன். எனக்கு அது தெரியாத செய்தி அல்ல. சங்கிலியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதை மீட்ட கையை அழித்துவிட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர் போனேன். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார், ஒன்றும் பேசவில்லை. மதினிதான் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "அண்ணே, அந்தச் சங்கிலியை நீங்கள் மீட்டதை நான் யாரிடமும் சொல்லவே இல்லை" என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். சங்கிலிப் பேச்சு அன்று தீரவில்லை. அது இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் நான் சொன்ன பொய்யை ஒவ்வொரு வீடாகப் போய்த் திருத்த எனக்கு இரண்டு மாதம் ஆனது.

உங்கள் அண்ணன் கதவைத் திறப்பார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. அடிக்கிறவர், குடித்துவிட்டுக் கைநீட்டுகிறவர் வீட்டுக்குப் போய் நில்லுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அங்கே மனத்தளவில் மன்னிப்பது வேறு, மறுபடி அடிவாங்கப் போவது வேறு.

வட்டிக்குக் கொடுத்து வாங்குவது என் தொழில். அதையுமா சோதிக்க வேண்டும்?

ஆம். வரி வசூலித்துப் பணக்காரரான சக்கேயு வீட்டில் ஆண்டவர் நுழைந்ததும், பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்கு திருப்பிக் கொடுப்பேன் என்று அவர் பணத்தைப் பற்றித்தான் பேசினார். ஏழையிடம் வட்டி வாங்காதே என்றும், அடகாக வாங்கிய போர்வையைச் சூரியன் மறையும் முன் திருப்பிக் கொடு, அவன் போர்த்திக்கொள்ள வேறு இல்லை என்றும் விடுதலைப் பயணம் 22ஆம் அதிகாரம் சொல்கிறது. பூ விற்கும் அம்மாவின் ரேஷன் கார்டும், துப்புரவுத் தொழிலாளியின் ஏ.டி.எம். கார்டும் உங்கள் மேசை டிராயரில் இருக்குமானால், அவைதான் அந்தப் போர்வை. புதன்கிழமைக்கு முன் கொடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்தாலும் அந்த அம்மாவுக்கு அரிசி கிடைக்கும். மனம் மாறிச் செய்தால் உங்களுக்கும் ஏதோ கிடைக்கும்.

சாதியை ஆன்ம சோதனையில் சேர்க்க வேண்டுமா? அது சமூகப் பிரச்சினை அல்லவா?

சேர்க்காத ஆன்ம சோதனையை நான் நம்புவதில்லை. 1606இல் தத்துவ போதகர் எனப்படும் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தபோது சாதி ஒழுங்கை உடைக்காமல் நற்செய்தி சொல்லும் வழியைத் தேர்ந்தெடுத்தார். 1640 அளவில், தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று தனியாகப் 'பண்டார சாமிகள்' என்ற குருக்கள் ஏற்படுத்தப்பட்டார்கள். அவர்கள் காலத்தின் நெருக்கடியை நான் எளிதாகத் தீர்ப்பிட விரும்பவில்லை. ஆனால் அந்தக் கோடு கோவிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் தொடர்ந்து வந்திருக்கிறது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது.

ஆயர்கள் ஒப்புக்கொண்டதை நாம் ஒப்புக்கொண்டோமா? திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் வருவதில்லை? மகள் விரும்பிய பையன் நல்லவன், வேலையில் இருக்கிறான், கோவிலுக்கு வருகிறான். பிறகு எதற்கு வேண்டாம் என்றோம்? ஒரே அப்பத்தில் பங்குகொண்டு வெளியே வந்ததும் யார் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறோம்? இவற்றைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் இடத்தில், சொல்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

பாவசங்கீர்த்தனம் செய்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

"சாமி, கடைசியாக எப்போது செய்தேன் என்று நினைவில்லை, உதவி செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். மீதியை அவர் கேட்பார். கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் அவர் வெளியே சொல்லக் கூடாது. அது மீற முடியாத முத்திரை. பெரிய பாவங்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். சொந்தப் பங்கில் கூச்சமாக இருந்தால் வேறு பங்குக்குப் போகலாம், அதில் குற்றம் இல்லை. புனித வாரத்தில் வரிசை நீளும், குருவுக்கும் நேரம் இருக்காது. இப்போதே போய்விடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் அதே பாவத்தைத்தான் சொல்கிறேன். இது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. வருந்தாமல் சொன்னால்தான் ஏமாற்று. ஆனால் அதே பாவம் வருவதற்கு அதே வழி திறந்திருக்கிறது என்று பொருள். குடிக்கிறவர் எந்தச் சம்பள நாளில், எந்த நண்பரோடு, எந்தத் திருப்பத்தில் இறங்குகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். 'இனிக் குடிக்க மாட்டேன்' என்ற தீர்மானத்தைவிட, 'சனிக்கிழமை அந்தப் பஸ்ஸில் வராமல் இந்தப் பஸ்ஸில் வருவேன்' என்ற தீர்மானம் நிற்கும்.

குற்ற உணர்வு தூங்கவிடவில்லை. சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது.

அப்படியானால் நீங்கள் ஆன்ம சோதனையைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். இஞ்ஞாசியாரே 1522இல் மன்ரேசாவில் இந்த நோயில் விழுந்தவர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போய் மீண்டவர். ஒரே குருவிடம் போங்கள், அவர் போதும் என்றால் போதும். தூக்கமும் பசியும் கெட்டுப்போயிருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

தவக்காலத்தில் கறி சாப்பிடாமல் இருந்தால் போதுமா?

ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும், 18 வயது முடிந்தவர்கள் முதல் 59 முடியும்வரை. சுத்த போசனம் (கறி தவிர்ப்பது) 14 வயது முடிந்தவர்களுக்கு. இது சட்டம், கடைப்பிடியுங்கள். ஆனால் கறியை விட்டுவிட்டு, அதற்கு நிகரான விலையில் அயிரை மீன் வாங்கிக் குழம்பு வைத்தால் மிச்சமானது என்ன? நோன்பில் மிச்சமாகும் காசு இன்னொருவர் தட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். புதன்கிழமை நற்செய்தியில் தர்மம், செபம், நோன்பு மூன்றும் ஒன்றாக வருகின்றன. தர்மம்தான் முதலில் வருகிறது.

அருளானந்தரை ஏன் தவக்காலத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள்?

இயேசு சபைக் குருவான அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) ஓரியூரில் தலை வெட்டப்பட்ட 1693 பிப்ரவரி 4, ஒரு திருநீற்றுப் புதன். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மறவர் குலத் தலைவர் தடியத் தேவர், மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் அரசர் சேதுபதியின் உறவினர். அந்தப் பெண் முறையிட்டதில்தான் அருளானந்தரின் உயிர் போனது. ஞானஒளிவுபுரத்துப் பள்ளியிலும் கருமாத்தூர்க் கல்லூரியிலும் அவர் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னொன்றும் தோன்றும். ஒருவருடைய மனமாற்றத்துக்கு அவர் மட்டும் விலை கொடுப்பதில்லை. அனுப்பப்பட்ட பெண்களும் கொடுத்தார்கள். நீங்கள் எடுக்கும் தவக்காலத் தீர்மானத்தின் பாரம் வீட்டில் யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா எடுத்த ஒருசந்திக்குத் தனிச் சமையல் செய்து அம்மா ஓய்ந்துபோகும் வீடுகள் எனக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இரவில் இரண்டு கேள்வி: இன்று உனக்கு யார் என்ன கொடுத்தார்கள்? இன்று யாரை அழவைத்தாய்? அவர்களுக்கு முன்னால் நீங்களும் பதில் சொல்லுங்கள். அப்பா ஒருநாள் "இன்று நான் உன் அம்மாவை அழவைத்துவிட்டேன்" என்று சொன்னால், அந்தப் பிள்ளைக்கு மறைக்கல்வி வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்காது.

சாம்பல் வாங்கிய பிறகு நேரே வேலைக்குப் போகிறேன். நெற்றியைத் துடைத்துவிடலாமா?

துடைக்கலாம். நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள் என்று அன்றைய நற்செய்தியே சொல்கிறது. வைத்துக்கொண்டு போனாலும் நம் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பஸ்ஸில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு இருக்கும். ஒரு புதன்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி என்னைப் பார்த்து, "எந்தக் கோவிலுக்குப் போய் வருகிறாய் தாயி?" என்று கேட்டார். மாதா கோவில் என்றேன். "நல்லது" என்று சொல்லி, கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளிக் கையில் கொடுத்தார். அன்றிரவு நோட்டில் முதலில் எழுதியது அதைத்தான்.